தூக்கக் கலக்கம் என்று எழுதிக் கோப்பை மூடும் முன்: லாரி ஓட்டுநர்களும் குறட்டையும்

சங்ககிரிக்காரன் எழுதியது:

என் அண்ணன் 22 ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். அவருக்கு வயது 46. மது, போதைப்பாக்கு எதையும் தொட்டதில்லை. நான்கு மாதங்களுக்கு முன், லோடு இறக்கிவிட்டு வெறும் டேங்கரோடு திரும்பிக்கொண்டிருந்தபோது, விடியற்காலை நான்கரை மணி அளவில் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே வண்டி சாலையின் நடுத்திட்டில் ஏறி ஒரு விளக்குக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. ஓர் உயிருக்கும் சேதமில்லை. காவல் நிலையத்திலும், வண்டி உரிமையாளரிடமும், எங்கள் ஊரிலும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: தூக்கக் கலக்கம்.

அது பொய்யில்லை. ஆனால் முந்தின நாள் மாலை அவர் ஓர் ஓட்டல் வளாகத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறார். கூடவே இருந்த கிளீனர் பையன் அதற்குச் சாட்சி. ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்கு அடுத்த மூன்று மணி நேரத்தில் ஏன் கண் அசந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பையன்தான் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு தற்செயலாக ஒன்றைச் சொன்னான்: "அண்ணன் தூங்கும்போது கேபினே அதிரும். நடுவில் திடீரென்று சத்தம் நின்றுபோகும். பயந்துபோய் எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். அப்புறம் ஒரு பெரிய இழுப்பு இழுத்துவிட்டு மறுபடியும் தொடங்குவார்."

தலையில் பட்ட அடியைப் பார்த்த மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் அனுப்பி வைத்த இடத்தில் ஓர் இரவு முழுக்க விரலிலும் மார்பிலும் மூக்கிலும் கருவிகளைப் பொருத்தி அண்ணனைத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 42 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று அறிக்கை வந்தது. நோயின் பெயர் ஸ்லீப் அப்னியா. பத்து ஆண்டுகளாகவாவது இருந்திருக்கும் என்றார்கள். அந்தப் பத்து ஆண்டும் அவர் டேங்கர் ஓட்டியிருக்கிறார்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது, சர்க்கரை பார்க்கிறார்கள். இத்தனை ஓட்டுநர்களில் எத்தனை பேரிடம் "நீங்கள் குறட்டை விடுவீர்களா" என்று ஒருவராவது கேட்டிருப்பார்? விபத்துக்குக் காரணம் தூக்கம் என்று எழுதுகிறவர்கள், அந்தத் தூக்கத்துக்குக் காரணம் என்ன என்பதையும் கேட்கும் வரை இந்தக் கணக்குத் தீராது என்பது என் உறுதியான கருத்து. விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதினான்கு சக்கரம் எழுதியது:

உங்கள் அண்ணன் நலமாக இருப்பது நிம்மதி. ஆனால் நீங்கள் பேச்சைத் திருப்பும் திசை எனக்குக் கவலையாக இருக்கிறது. நான் 17 ஆண்டுகளாக வட நாட்டு லைன் ஓட்டுகிறேன். எங்களுக்குத் தூக்கம் வருவதற்கு நோய் எதுவும் தேவையில்லை. லோடு ஏற்ற ஒரு நாள் காத்திருப்பு, ஏற்றிய பிறகு "நாளை மறுநாள் காலை போய்ச் சேர வேண்டும்" என்ற நெருக்கடி, டிரிப் கணக்கில்தான் படி, போகாத நாளுக்குப் பணம் இல்லை.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேர இடைவேளை என்று எழுதி வைத்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் லைனில் அதைக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற விதியாவது பேருக்கு இருந்தது. அதையும் 2018-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது கிளீனர்கூட இல்லாமல் ஒற்றை ஆளாகப் போகிறவர்கள் பலர்.

இந்த நிலையில் "உன் தொண்டையில் கோளாறு, உன் கழுத்து பெருத்திருக்கிறது, அதனால்தான் விபத்து" என்று சொல்லத் தொடங்கினால், வேலை நேரத்தைக் கூட்டியவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள், ஓட்டுநரின் உடம்பு மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறும். அதைவிட, நோய் என்று தெரிந்த மறுநாளே சாவியை வாங்கிவிடுவார்கள். பேட்ஜ் போய்விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு ஏது? மருத்துவம் படித்தவர்கள் யாராவது இருந்தால் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள்.

மூச்சியல் மருத்துவர், கோவை எழுதியது:

இரண்டு பதிவுகளையும் படித்தேன். பதினான்கு சக்கரம் அவர்களின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நியாயமானது, என் அறைக்கு வருகிற பெரும்பாலான ஓட்டுநர்களும் மனத்துக்குள் வைத்திருந்து கடைசியில்தான் கேட்பார்கள்.

விழித்திருக்கும்போது நம் தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் மூச்சுக்குழாய்க்குப் போகும் வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது அந்தத் தசைகள் தளர்கின்றன, நாக்கு பின்னால் சரிகிறது. வழி குறுகினால் காற்று அதிர்ந்து குறட்டையாகிறது. முழுதும் அடைபட்டால் மூச்சு நிற்கிறது. பத்து நொடி அல்லது அதற்கு மேல் நின்றால் அதை ஒரு நிகழ்வாக எண்ணுகிறோம். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்குகிறது, அந்தப் பெரிய இழுப்போடு மூச்சு திரும்புகிறது. தூங்குகிறவருக்கு இது எதுவும் நினைவில் இருக்காது. மணிக்கு ஐந்துக்குக் கீழ் என்றால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம்.

சங்ககிரி நண்பரின் அண்ணனுக்கு மணிக்கு 42. அவர் ஓட்டல் வளாகத்தில் தூங்கிய ஏழு மணி நேரத்தில் இது 294 முறை நடந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒருவரைத் தோளைத் தொட்டு உலுக்கிக்கொண்டே இருந்தால் அவர் எவ்வளவு தூங்கியிருப்பார்? படுக்கையில் கிடந்த நேரத்துக்குக் கணக்கு உண்டு, தூக்கத்துக்குக் கணக்கில்லை. ஆகவே வேலை நேரம் ஒரு பக்கம், இந்த நோய் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. சட்டம் சொல்லும் ஓய்வு நேரம் முழுவதையும் கொடுத்தாலும் இந்த நோயாளிக்கு அது ஓய்வாக மாறாது. அதே போல, நோயே இல்லாதவரை 18 மணி நேரம் ஓட்டச் சொன்னாலும் அவர் கண் அசந்துதான் தீருவார். நோயும் இருந்து, ஓய்வும் மறுக்கப்பட்டு, உடம்பின் கடிகாரம் தூக்கத்தை வற்புறுத்தும் இரவு இரண்டு முதல் ஆறு மணிக்குள் வண்டியும் ஓடினால், மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் மூடினால் வண்டி ஏறத்தாழ 67 மீட்டர் ஓட்டுநர் இல்லாமலே ஓடியிருக்கும்.

விபத்தோடு இதற்குள்ள தொடர்பு ஊகமில்லை. ஸ்பெயினில் பர்கோஸ், சாந்தாந்தேர் ஆகிய நகரங்களில் விபத்துக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 102 ஓட்டுநர்களை, விபத்தில் சிக்காத 152 பேரோடு ஒப்பிட்டு 1999-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மணிக்குப் பத்து முறைக்கு மேல் மூச்சு தடைபடுகிறவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு கூடுதல் என்று அது கண்டது. நம் நாட்டில் வேலை செய்யும் வயதில் உள்ளவர்களில் ஏறத்தாழ 10.4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் மதிப்பிட்டார்கள். உட்கார்ந்தே வேலை, நேரம் தவறிய சாப்பாடு, பெருத்த வயிறு, நடுவயது ஆண்கள் என்று பார்த்தால் ஓட்டுநர் தொழிலில் இது பொது மக்களைவிடக் கூடுதலாக இருப்பதற்கே காரணங்கள் உள்ளன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆசிய மக்களின் தாடை அமைப்பு காரணமாக, குண்டாக இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

சாவியை வாங்கிவிடுவார்களே என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில், இது சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய் என்பதுதான். மூக்கின்மேல் ஒரு முகமூடியை வைத்து, சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் சீபேப் கருவியை ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவில் ஒரு பெரிய லாரி நிறுவனத்தில் இந்த நோய் கண்டறியப்பட்ட 1,613 ஓட்டுநர்களை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், கருவி கொடுத்தும் பயன்படுத்தாதவர்களுக்கு, நோய் இல்லாத ஓட்டுநர்களைப் போல ஐந்து மடங்கு, தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்துகள் நேர்ந்தன. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கோ நோய் இல்லாத ஓட்டுநர்களின் அளவில்தான் விபத்து இருந்தது. சிகிச்சை எடுக்கும் ஓட்டுநரை வேலையை விட்டு நீக்குவதற்கு மருத்துவத்தில் ஆதாரமே இல்லை.

திருச்செங்கோட்டிலிருந்து ஓர் இல்லத்தரசி எழுதியது:

நான் பதிவு எதுவும் போட்டவளில்லை, படிப்பதோடு சரி. கிளீனர் பையன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்ததைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் பக்கத்து அறையில் பிள்ளைகள் எழுந்துவிடும் அளவுக்குக் குறட்டை. இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுவார், காலையில் தலைவலி என்பார், வாய் காய்ந்து கிடக்கும். பகலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும். உழைத்த களைப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், நன்றாகத் தூங்குகிறார் என்று என் மாமியார் திருஷ்டிகூடச் சுற்றிப் போட்டார். மருத்துவர் ஐயா, இவை எல்லாம் இதன் அறிகுறிதானா? இரத்தக் கொதிப்புக்கு இரண்டு வகை மாத்திரை போட்டும் குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மூச்சியல் மருத்துவர், கோவை எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அறிகுறிதான். மாத்திரைக்கு அடங்காத இரத்தக் கொதிப்பு இருந்தால் நாங்களே முதலில் இதைத்தான் சந்தேகிப்போம். அவர் அடுத்து வீட்டுக்கு வரும்போது, தூங்கும் நேரத்தில் கைப்பேசியில் பத்து நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சகநோய்ப் பிரிவுக்கோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ அதை எடுத்துக்கொண்டு அவரோடு நீங்களும் போங்கள். நோயாளி "எனக்கு ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வார், பொய் சொல்கிறார் என்று பொருளில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அருகில் படுப்பவர்தான் இந்த நோய்க்கு முதல் சாட்சி.

எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒன்றையும் சேர்க்கிறேன். ஸ்டாப்-பேங் என்று எட்டுக் கேள்விகள் உண்டு. உரக்கக் குறட்டை விடுகிறீர்களா, பகலில் சோர்வா, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, இரத்தக் கொதிப்பு உண்டா, உடற்பருமனா, வயது 50-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா என்பவைதான் அவை. மூன்றுக்கு ஆம் என்றாலே சோதித்துப் பார்ப்பது நல்லது, ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளிப்போடக் கூடாது. ஒரு தையற்காரரின் நாடாவும் ஐந்து நிமிடமும் போதும். கண் முகாம் நடத்தும் இடத்தில் இதையும் நடத்துவதற்கு என்ன தடை என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர் எழுதியது:

நான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றியவன். விபத்து நடந்த வண்டியை ஆய்வு செய்து அறிக்கை கொடுப்பதும் எங்கள் வேலை. பிரேக் வேலை செய்ததா, ஸ்டீயரிங் சரியாக இருந்ததா, டயர் தேய்ந்திருந்ததா என்று பார்த்து, விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல என்று எழுதிக் கையெழுத்திடுவோம். காவல் துறையின் முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வாசகம் ஏற்கெனவே இருக்கும். நான் பார்த்த பல வண்டிகளில், சாலையில் பிரேக் போட்ட தடமே இருக்காது. விழித்திருக்கும் மனிதன் கடைசி நொடியிலாவது பிரேக்கை மிதிப்பான். தடமே இல்லையென்றால் அவன் தூங்கியிருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் வண்டியைச் சோதிக்க எனக்குப் படிவம் இருந்தது, ஓட்டுநரின் தூக்கத்தைச் சோதிக்க ஒருவருக்கும் படிவம் கிடையாது. அந்த அறிக்கைகளை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிக எண்ணிக்கை, இறந்தவர்கள் 17,884 பேர். மத்திய அமைச்சகத்தின் அறிக்கை இவற்றைப் போக்குவரத்து விதிமீறல் வாரியாகப் பிரிக்கும்போது அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசையில் ஓட்டுதல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைப்பேசி, பிற என்று தலைப்புகள் வைத்திருக்கிறது. தூக்கத்துக்கு அங்கே தனித் தலைப்பு இல்லை. தூங்கிக்கொண்டே மோதியவர் அதிவேகத்தில் போய் விழுகிறார், அல்லது "பிற"வில் போய் மறைகிறார். எண்ணப்படாத ஒன்றுக்கு எந்த அரசும் பணம் ஒதுக்காது.

உரிமத்துக்கு வருகிறேன். விண்ணப்பதாரர் தாமே கையெழுத்திடும் படிவம் 1-இல் வலிப்பு உண்டா, மயக்கம் உண்டா, 25 மீட்டர் தூரத்தில் வண்டி எண்ணைப் படிக்க முடிகிறதா, கை கால் இழந்திருக்கிறீர்களா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள். குறட்டையைப் பற்றியோ பகல் தூக்கத்தைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. போக்குவரத்து வாகன ஓட்டுநருக்கு மருத்துவர் கையெழுத்திடும் படிவம் 1-ஏ வேண்டும். அது எப்படிக் கையெழுத்தாகிறது என்பது இங்கே எழுதும் அனைவருக்கும் தெரியும், விரிக்க விரும்பவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த உரிமம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. அந்தப் புதுப்பித்தல் நாளில் மருத்துவர் சொன்ன எட்டுக் கேள்விகளைச் சேர்த்தாலே போதும், புதிதாக ஓர் அலுவலகம் திறக்க வேண்டியதில்லை.

ஷெட் உரிமையாளர் எழுதியது:

என்னிடம் ஆறு வண்டிகள் ஓடுகின்றன. நானும் ஓட்டுநராக இருந்து உரிமையாளர் ஆனவன்தான், ஆகவே என்னை எதிர்த்தரப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தயக்கங்களை மறைக்காமல் சொல்கிறேன். சோதனைக்கும் கருவிக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது? ஆறு வண்டிக்காரன் ஒரு மாதம் டயர் மாற்றினாலே அந்த மாத வருமானம் போய்விடுகிறது. அடுத்து, ஓட்டுநருக்கு நோய் என்று என் கையில் காகிதம் இருக்கும் நிலையில் விபத்து நடந்துவிட்டால், தெரிந்தே அனுப்பினாய் என்று என்மேல் வழக்கு வராதா? காப்பீட்டு நிறுவனம் கை விரிக்காதா? சோதிக்காமல் இருப்பவனுக்குப் பாதுகாப்பு, சோதித்தவனுக்குத் தண்டனை என்ற நிலை இருக்கும் வரை எந்த உரிமையாளரும் இதில் இறங்க மாட்டான். அமெரிக்காவே இதற்கு விதி கொண்டுவரப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியதாகப் படித்தேன். அவர்களால் முடியாததை நம்மால் எப்படி முடியும்?

லண்டன் சாரதி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், இங்கே லண்டனில் பேருந்துச் சாரதியாக வேலை செய்கிறேன். எனக்கும் இந்த நோய் உண்டு, ஆறு வருடங்களாகக் கருவியோடுதான் படுக்கிறேன். ஷெட் உரிமையாளர் ஐயாவின் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஒரு பணிப்புரையைக் கொண்டுவந்தது. மணிக்கு 15-க்கு மேல் மூச்சுத் தடையும் பகல் தூக்கமும் உள்ளவர்கள், நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று வைத்தியர் உறுதி சொன்னால் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கலாம். பாரவூர்தி, பேருந்து ஓட்டுபவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை மீளாய்வு. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் இங்கே நடைமுறை ஏறக்குறைய அதுதான். எனக்கு நோய் தெரிந்ததும் ஓட்டுவதை நிறுத்தி, அனுமதிப்பத்திர அலுவலகத்துக்கு நானே அறிவிக்க வேண்டியிருந்தது. மீண்டும் ஓட்டும் வரை ஒன்பது கிழமையும் (வாரமும்) நான் பட்ட கவலையைச் சொல்லி முடியாது, வீட்டு வாடகையை நினைத்து இரவு முழுக்க விழித்திருந்தேன். நிறுவனம் என்னை அந்தக் காலத்தில் பணிமனைக்குள் வேறு வேலையில் வைத்திருந்தது. கருவி நான் தினமும் எத்தனை மணித்தியாலம் பயன்படுத்துகிறேன் என்பதைத் தானே பதிந்துகொள்கிறது. அந்தப் பதிவைப் பார்த்து வைத்தியர் கடிதம் கொடுத்தார், திரும்பவும் பேருந்தில் ஏறினேன். பிரித்தானிய விதி ஓட்டுவதை நிறுத்து என்று சொல்கிறது, ஆனால் திரும்பி வரும் வழியையும் அதே தாளில் எழுதி வைத்திருக்கிறது. வழி எழுதப்படாத இடத்தில்தான் ஆட்கள் நோயை ஒளிப்பார்கள்.

மூச்சியல் மருத்துவர், கோவை எழுதியது:

அமெரிக்காவைப் பற்றி ஷெட் உரிமையாளர் படித்தது சரிதான். லாரி ஓட்டுநர்களுக்கும் ரயில் ஓட்டுநர்களுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கலாமா என்று 2016 மார்ச்சில் முன்னறிவிப்பு வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2017 ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் 2016 செப்டம்பர் 29 அன்று நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் நிலையத்தில் ரயில் நிற்காமல் நடைமேடையில் ஏறி ஒரு பெண் இறந்து நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்ததும், அந்த ரயில் ஓட்டுநருக்குக் கண்டறியப்படாத தீவிர ஸ்லீப் அப்னியா இருந்தது தெரியவந்ததும் அந்த இடைவெளியில்தான். விதி போய்விட்டதால் நோய் போய்விடவில்லை. நான் முன்பு குறிப்பிட்ட லாரி நிறுவனம், சட்டம் கட்டாயப்படுத்தாத நிலையிலேயே தன் ஓட்டுநர்களைச் சோதித்தது.

ஜப்பானின் வழி வேறு. 2003 பிப்ரவரியில் ஒகயாமா அருகே ஏறத்தாழ 800 பயணிகளோடு மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் போன ஷின்கான்சென் ரயிலின் ஓட்டுநர் எட்டு நிமிடம் தூங்கிவிட்டார். தானியங்கிக் கட்டுப்பாடுதான் ரயிலை நிறுத்தியது. அவருக்கும் இதே நோய். ஓர் உயிரும் போகாத அந்த நிகழ்ச்சிக்குப் பிறகே அங்கே பேருந்து, லாரி நிறுவனங்களுக்கும் இந்த நோயைப் பற்றிய வழிகாட்டி வந்தது. நம் லாரிகளில் ரயிலை நிறுத்தியது போன்ற கருவி கிடையாது.

பதினான்கு சக்கரம் எழுதியது:

மருத்துவருக்கும் லண்டன் அண்ணனுக்கும் நன்றி. என் முதல் பதிவில் சொன்னதில் பாதியை நான் இன்னும் விடவில்லை: வேலை நேரத்தைத் தொடாமல் தொண்டையை மட்டும் தொட்டால் நான் எதிர்ப்பேன். ஆனால் 294 முறை என்ற கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. சோதனை வருவதாக இருந்தால் சில நிபந்தனைகள் வேண்டும். சோதனைக்குப் போகும் நாட்களுக்குப் படி கொடுக்க வேண்டும். முடிவு ஓட்டுநரின் கையில் முதலில் வர வேண்டும். சிகிச்சை தொடங்கிச் சீரான பிறகு அதே வண்டியை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதாக எழுத்தில் இருக்க வேண்டும். இவை இருந்தால் எங்கள் லைனில் நானே ஆள் கூட்டி வருகிறேன்.

கேபினில் கருவியோடு எழுதியது:

நான் கரூரிலிருந்து டிரெய்லர் ஓட்டுகிறேன், மூன்று ஆண்டுகளாக சீபேப் வைத்திருக்கிறேன். கருவியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வண்டியில் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மாதத்தில் 20 நாள் கேபினில் தூங்குகிறவனுக்கு வீட்டில் இருக்கும் கருவியால் பயனில்லை, ஆகவே இதை விவரமாக எழுதுகிறேன்.

பெரிய லாரிகளில் மின்சாரம் 24 வோல்ட். பல கருவிகள் 24 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடக்கூடியவை, வாங்கும்போதே அதைக் கேட்டு, அதற்குரிய வயரையும் வாங்கிவிடுங்கள். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக மாற்றினால் பேட்டரி வீணாக இறங்கும். காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் தொட்டிதான் மின்சாரத்தை அதிகம் குடிக்கும், நான் வண்டியில் அதைக் கழற்றிவிடுகிறேன். அதில்லாமல் ஓர் இரவு முழுக்க ஓடினாலும் காலையில் வண்டி சிரமமில்லாமல் ஸ்டார்ட் ஆகிறது. தூசி வடிகட்டியைக் கடைக்காரர் மாதம் ஒரு முறை மாற்றச் சொன்னார். சிமெண்ட் லோடு ஏற்றும் இடங்களில் பத்து நாளுக்கு ஒன்று மாற்றினால்தான் சரியாக இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் முகமூடி ஒத்துக்கொள்ளவில்லை. இரவில் நானே அறியாமல் பிடுங்கி எறிந்திருக்கிறேன். மூக்குக்கு மட்டும் வைக்கும் சிறிய வகைக்கு மாறிய பிறகு சரியாகிவிட்டது. ஒரு கருவி பிடிக்கவில்லை என்று மொத்தமாக விட்டுவிட வேண்டாம். எனக்கு நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல் ஆனது, சீட்டுப் பணத்தில் வாங்கினேன். லேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைக்கும் பல் சாதனமும் உண்டு என்று என் மருத்துவர் சொன்னார், எனக்கு அது போதவில்லை.

முன்பு விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகு கிலோமீட்டர் கல் ஒவ்வொன்றாக எண்ணுவேன், சன்னலைத் திறந்து காற்றை முகத்தில் வாங்குவேன், மிளகாயைக் கடிப்பேன். காவலர்கள் நிறுத்தி முகம் கழுவச் சொல்லித் தேநீர் கொடுக்கும் நல்ல இடங்களும் உண்டு. அந்தத் தேநீர் அரை மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. கருவி வந்த பிறகு அந்த மூன்று மணி எனக்கு வேறு மூன்று மணியாக இருக்கிறது.

ஷெட் உரிமையாளர் எழுதியது:

24 வோல்ட் விவரம் எனக்குத் தெரியாது. எங்கள் உரிமையாளர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வழக்கமான கண் முகாமோடு கழுத்து அளவும் எட்டுக் கேள்வியும் சேர்க்கலாம் என்று பேசப் போகிறேன். பதினான்கு சக்கரம் தம்பி கேட்ட எழுத்து வடிவ உறுதியை என் ஆறு வண்டிகளுக்கு நான் தருகிறேன், மற்றவர்களுக்காக என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. நேற்றிரவு என் மனைவியிடம் கேட்டேன். என் கழுத்து 42 சென்டிமீட்டர். முதல் சோதனை எனக்குத்தான்.

சங்ககிரிக்காரன் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. அண்ணனிடம் எல்லாப் பதிவுகளையும் படித்துக் காட்டினேன். அவர் கருவி வைத்து 71 இரவுகள் ஆகின்றன, சராசரியாக ஆறு மணி நேரம் என்று அதன் திரை காட்டுகிறது, மூச்சுத் தடை மணிக்கு மூன்றாக இறங்கியிருக்கிறது. பழைய உரிமையாளர் இன்னும் கூப்பிடவில்லை. கரூர் நண்பர் எழுதிய வயரின் விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்பினால் உதவியாக இருக்கும். விபத்து நடந்த அன்று பேசிய அந்தக் கிளீனர் பையன் இப்போது லைசென்ஸ் எடுத்துவிட்டான், அடுத்த மாதம் முதல் வண்டி ஓட்டப் போகிறான். அவனையும் ஓர் இரவு தூங்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாகச் சொல்கிறார்.